கிட்டார் பிராசஸரும் லேப்டாப்பும்: வடசென்னை வீடுகளில் பதிவு செய்யத் தொடங்குபவர்களுக்கு

வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் ஆம்ப்பைச் சத்தமாக வைத்து, முன்னால் மைக் நிறுத்திக் கிட்டாரைப் பதிவு செய்ய வழியில்லை. ஆம்ப் சத்தம் நாலு வீடு தாண்டும். மைக்கில் கிட்டாரோடு குக்கர் விசிலும், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரியின் ஹார்னும் சேர்ந்து விழும். டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசஸர் இந்த இரண்டு தொல்லையையும் தீர்த்துவிடுகிறது. ஆம்ப், ஸ்பீக்கர், மைக் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலையை அது உள்ளேயே கணக்குப் போட்டு முடித்துவிடும். கேபிளில் லேப்டாப்புக்குப் போவது கிட்டார் ஒலி மட்டும்தான். ஃபேன் ஓடலாம், தெருவில் மேளம் அடிக்கலாம், ராத்திரி பதினோரு மணி ஆகியிருக்கலாம். பதிவுக்கு ஒன்றும் ஆகாது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கிட்டார் இரட்டையாகக் கேட்கிறது, சுருதி மாறிவிட்டது, ஒலி மூடிக்கொண்ட மாதிரி இருக்கிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: ஒரே வேலையைப் பிராசஸரும் செய்கிறது, மென்பொருளும் செய்கிறது, அல்லது இரண்டும் வேறு வேறு கணக்கில் செய்கின்றன. காதுக்கு ஒலி தருவது யார், ஸ்பீக்கர் சிமுலேஷன் போடுவது யார், சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிவது என்ற எண்ணை) முடிவு செய்வது யார் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஆளை நியமித்துவிட்டால் சிக்கல் பாதியாகக் குறையும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த அடிப்படையில் எழுதியவை.

முதலில் பாருங்கள்: உங்கள் பிராசஸர் யுஎஸ்பி வழியே ஒலி அனுப்புமா?

யுஎஸ்பி ஓட்டை இருக்கிறது என்பதால் அதில் ஒலி வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஜூம் ஜி1 ஃபோர் என்ற பிராசஸரில் யுஎஸ்பி உண்டு. ஆனால் அது பேட்ச்களை (சேமித்து வைத்த ஒலி அமைப்புகளை) மாற்றவும் ஃபர்ம்வேர் ஏற்றவும் மட்டும். லேப்டாப்பில் அது ஆடியோ கருவியாகத் தெரியாது. பாஸ் ஜிடி-1, லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விவரப் பட்டியலில் 'யுஎஸ்பி ஆடியோ' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது போல எண்கள் இருந்தால் ஒலி போகும். எடிட்டர் இணைப்பு என்று மட்டும் இருந்தால் போகாது.

போகாது என்றால் பிராசஸரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. தனியாக ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ வகையறா எதுவானாலும் சரி. பிராசஸரின் அவுட்புட்டில் 'எல்/மோனோ' என்று போட்டிருக்கும் ஜாக்கிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு ஒரு 6.35 மி.மீ. கேபிள். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பட்டனை அணைத்து வையுங்கள். அந்தப் பட்டன் கிட்டாரை நேரடியாகச் செருகும்போது தேவைப்படுவது. பிராசஸரிலிருந்து வரும் ஒலி அதைவிட வலுவாக இருப்பதால், பட்டன் எரிந்துகொண்டிருந்தால் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) கடைசிவரை குறைத்தாலும் சிவப்பு விளக்கு எரியும்.

லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் கன்வெர்ட்டர் பின் வைத்து கிட்டாரைச் செருகுவதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அது ஹெட்செட் மைக்குக்காக வைத்த இன்புட். மோனோ, அதிக கெயின், இரைச்சலும் அதிகம். பிராசஸரின் நல்ல ஒலி அங்கேயே கெட்டுவிடும்.

கேபிளும் அடாப்டரும்

ஜிடி-1 போன்றவற்றுக்கு வேண்டியது பிரிண்டர் கேபிள் என்று கடையில் கேட்டால் தருவார்கள். ஒரு முனை சதுரமாக இருக்கும். மைக்ரோ யுஎஸ்பி அல்லது சி-டைப் ஓட்டை உள்ள பிராசஸராக இருந்தால் கவனம் தேவை. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பிகள் இருக்காது. பிராசஸரில் விளக்கு எரியும், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வாங்கும்போதே போனைக் கணினியில் இணைத்துப் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். நீளம் 1.5 அல்லது 2 மீட்டர் போதும். ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் அவசரப்பட்டால் பிராசஸரே போய்விடும். கிட்டார் உலகத்தில் பெரும்பாலான பெடல்களும் பிராசஸர்களும் 9 வோல்ட் டிசி, நடுப்பின் நெகட்டிவ். வீட்டில் சும்மா கிடக்கும் செட்-டாப் பாக்ஸ் அடாப்டரும் மோடம் அடாப்டரும் பெரும்பாலும் 12 வோல்ட், நடுப்பின் பாசிட்டிவ். பின் அளவு சரியாகப் பொருந்தும், அதனால் செருகத் தோன்றும். அடாப்டர் ஸ்டிக்கரில் ஒரு வட்டமும் இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் குறியும் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு கழித்தல் குறிக்குப் போக வேண்டும். வோல்ட் சரியாக அதே எண்ணாக இருக்க வேண்டும். மில்லிஆம்பியர் மட்டும் கேட்டதைவிட அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. ஜி1 ஃபோருக்கு 500 மில்லிஆம்பியர் போதும். எச்எக்ஸ் ஸ்டாம்புக்கு 3 ஆம்பியர் அடாப்டர் கூடவே வரும். அதற்குப் பதிலாகச் சாதாரண பெடல் அடாப்டரை முயல வேண்டாம்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி காதுக்கு வருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகிவிடும். அதில் தாளத்தோடு வாசிக்கவே முடியாது.

டிரைவரும் மென்பொருளும்

பதிவு செய்யும் மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம். இங்கே ரீப்பரை வைத்துச் சொல்கிறோம்; பழைய லேப்டாப்பிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். மேக் வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டிலேயே ஆரம்பிக்கலாம்.

விண்டோஸில் வரிசை முக்கியம். முதலில் பிராசஸர் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அது முடிந்து கணினியை மறுபடி துவக்கிய பிறகே பிராசஸரைச் செருகுங்கள். முன்பே செருகிவிட்டால் விண்டோஸ் ஒரு பொது டிரைவரைத் தானாகப் போட்டுக்கொள்ளும். பிறகு சரியான டிரைவர் ஏறாமல் தகராறு செய்யும்.

ரீப்பரைத் திறந்து கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் பிரிஃபரன்சஸ் வரும். அதில் ஆடியோ என்பதன் கீழே டிவைஸ். மேலே உள்ள ஆடியோ சிஸ்டம் என்ற பெட்டியில் ஏஎஸ்ஐஓ (ஒலியை அதிகத் தாமதமில்லாமல் கடத்தும் டிரைவர் முறை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த பெட்டியில் உங்கள் பிராசஸரின் பெயர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். சொந்த டிரைவரே இல்லாத மாடல்களுக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும், ஆனால் நிறுவனத்தின் டிரைவர் இருக்கும்போது அதை நிறுவ வேண்டாம்.

இந்த நிமிடத்திலிருந்து லேப்டாப் ஸ்பீக்கரில் ரீப்பர் சத்தம் வராது. கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஏஎஸ்ஐஓ-வில் ஒலி உள்ளே வருவதும் வெளியே போவதும் பிராசஸர் வழியாகத்தான். ஹெட்போனைப் பிராசஸரின் போன்ஸ் ஜாக்கில் செருகுங்கள். கிட்டாரும் பாட்டும் இரண்டும் அங்கேயே கேட்கும்.

புது டிராக்குக்குக் கன்ட்ரோல், டி. டிராக்கில் சிவப்புப் பட்டனை அழுத்தி, இன்புட் மெனுவில் ஸ்டீரியோவுக்குப் போய் 1/2 என்ற ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். மோனோவில் இன்புட் 1 மட்டும் எடுத்தால் பிங்-பாங் டிலே, ஸ்டீரியோ கோரஸ் போன்றவற்றில் வலது பக்கம் பதிவே ஆகாது. அந்த மாதிரி எஃபெக்ட் இல்லாத பேட்ச் என்றால் மோனோவே போதும். பின்னால் மிக்ஸ் செய்யவும் அதுதான் வசதி. பதிவு தொடங்கக் கன்ட்ரோல், ஆர்.

ஆரம்பிக்கும் முன்பே புராஜெக்டைச் சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியில் தனி ஃபோல்டர் உருவாக்கும் வசதி இருக்கும். அதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் ஒலிக் கோப்புகள் வேறெங்கோ சிதறிக் கிடக்கும், லேப்டாப் மாற்றும்போது பாதி காணாமல் போகும்.

சாம்பிள் ரேட்: சுருதி கெடும் இடம்

சில பிராசஸர்கள் 44.1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும், ஜிடி-1 அப்படித்தான். எச்எக்ஸ் ஸ்டாம்ப் உள்ளுக்குள் 48-ல் ஓடும். முடிவு செய்வது பிராசஸர். ரீப்பரில் டிவைஸ் பக்கத்திலும், ஆல்ட்டும் என்டரும் அழுத்தினால் வரும் புராஜெக்ட் செட்டிங்ஸிலும் அதே எண்ணைப் போடுங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸிலும் அந்தக் கருவிக்கு அதே எண்ணே இருக்கட்டும்.

கணக்கு பிசகி, 44.1-ல் பதிவானதை 48 என்று எண்ணிக் கணினி ஓட்டினால், பாட்டு நூற்றுக்கு ஒன்பது பங்கு வேகமாகும். சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். அதாவது 1 கட்டையில் வாசித்தது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே போய் நிற்கும். எந்தக் கட்டைக்கும் பொருந்தாத அந்த இடைப்பட்ட சுருதியைக் கேட்டால் ட்யூனிங்கைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். நண்பர் அனுப்பும் டோலக் டிராக்கோ கரோக்கியோ 48-ல் இருந்தால் கவலையில்லை; ரீப்பருக்குள் இழுத்துப் போடும்போது அது தானாக மாற்றிக்கொள்ளும். சிக்கல் வருவது கருவியும் புராஜெக்டும் முரண்படும்போது.

பிட் டெப்த் 24. புராஜெக்ட் செட்டிங்ஸில் மீடியா பக்கத்தில் மாற்றலாம். 44.1, 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 16 எம்பி. நாலு நிமிடப் பாட்டுக்கு ஒரு டேக் (ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்தது) 64 எம்பி. பத்து டேக் எடுத்தாலும் ஒரு ஜிபி-க்குள் அடங்கும்.

காதுக்கு ஒலி தருவது பிராசஸர் மட்டும்

கிட்டார் இரட்டையாக, ஃபிளேஞ்சர் போட்ட மாதிரி சுழன்று கேட்டால் காரணம் இதுதான்: ஒரு ஒலி பிராசஸரிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறது; அதே ஒலி லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றிவிட்டுச் சில மில்லிநொடி தாமதமாக மறுபடி வருகிறது. ரீப்பர் டிராக்கில் இருக்கும் ரெக்கார்ட் மானிட்டரிங் பட்டனை அணைத்துவிடுங்கள். பிராசஸரின் யுஎஸ்பி மெனுவில் டைரக்ட் மானிட்டர் என்று இருந்தால் அது ஆனில் இருக்கட்டும்.

இதனால் இன்னொரு பெரிய லாபம் உண்டு. மென்பொருள் ஆம்ப் வழியே வாசிப்பவர்கள் தாமதத்தைக் குறைக்க பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலியின் அளவை) 64 அல்லது 128-க்கு இறக்க வேண்டியிருக்கும். 128 என்றால் 44.1-ல் ஒரு வழிக்கு 2.9 மில்லிநொடி. பழைய லேப்டாப்பில் அந்த அளவில் படபடவென்று வெடிச்சத்தம் வரும். உங்களுக்குத்தான் ஒலி பிராசஸரிலிருந்து நேராக வருகிறதே! பஃபரை 512-லோ 1024-லோ தாராளமாக வையுங்கள். லேப்டாப் மூச்சு வாங்காது, வெடிச்சத்தமும் வராது. நான்கு ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் ஒழுங்காகப் பதிவு செய்ய முடிவது இதனால்தான். பிராசஸர் வாங்கியவர்களில் நிறையப் பேர் இந்த வசதியைத் தெரிந்துகொள்ளாமல் புது லேப்டாப்புக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பேட்சைப் பதிவுக்கேற்ப மாற்றுவது

கம்பெனியிலிருந்து வரும் பேட்ச்கள் கடையில் வாசித்துப் பார்க்கும்போது மயக்குவதற்காகச் செய்தவை. ரிவெர்ப், டிலே, டிஸ்டார்ஷன் எல்லாமே கூடுதல். தனியாகக் கேட்டால் அருமை. டோலக், கீபோர்டு, குரல் சேர்ந்ததும் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பேட்சை வேறு எண்ணில் நகல் எடுத்து அந்த நகலில் மட்டும் கை வையுங்கள்.

முதல் வேலை ஸ்பீக்கர் சிமுலேஷன். கேபினெட் அல்லது ஐஆர் என்ற பெயரில் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெருமளவு வடிகட்டிவிடும். அது இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராகப் பதிவு செய்தால் காதருகே தேனீக் கூட்டம் பறக்கிற மாதிரி இருக்கும். பிராசஸரில் அது ஆனில் இருந்தால் மென்பொருளில் இன்னொரு கேபினெட் பிளக்-இன் போடக் கூடாது. போட்டால் ஒலி கம்பளிக்குள் அமுங்கிவிடும். மேலும், மொத்தக் கருவிக்குமான அவுட்புட் செட்டிங்கையும் பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் கருவிகளில் எந்த ஆம்ப்பில் செருகப்போகிறீர்கள் என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். பதிவுக்கும் ஹெட்போனுக்கும் அதில் லைன்/போன்ஸ் என்பதே சரி. மேடையில் வாசித்துவிட்டு வந்து ஆம்ப் செட்டிங்கிலேயே பதிவு செய்வதால் வரும் கூர்மையான, வறண்ட ஒலிக்கு இதுதான் காரணம்.

டிஸ்டார்ஷன் கெயினை நீங்கள் வழக்கமாக வைப்பதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ரிதம் கிட்டாரை இரண்டு தடவை பதிவு செய்து அடுக்கும்போது கெயினும் அடுக்கிக்கொண்டே போகும். குறைத்தால்தான் ஸ்ட்ரோக்கின் அடி தெளிவாகத் தெரியும். ரிவெர்பைப் பிராசஸரில் அணைத்துவிட்டு மிக்ஸ் செய்யும்போது மென்பொருளில் போடுங்கள். பதிவான ரிவெர்பை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. டிலே அப்படியில்லை; பாட்டோடு ஒட்டிய டிலே என்றால் அது வாசிப்பின் ஒரு பகுதி, அதைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் சரி. நேரத்தை மட்டும் டெம்போவுக்கு ஏற்ப வையுங்கள்: 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிநொடி என்று வரும். 120 டெம்போவுக்கு 500.

ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். சாதாரண ட்யூனிங்கில் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அதற்குக் கீழே கிட்டாருக்கு வேலையில்லை. அந்த இடத்தை டோலக்கின் தொப்பிக்கும் (கனத்த ஒலி தரும் பக்கத்துக்கும்) பேஸ் கிட்டாருக்கும் விட்டுக்கொடுங்கள். கானா போன்ற தாளம் முன்னால் நிற்கும் பாடல்களில் இந்த ஒரு வெட்டே மிக்ஸைத் திறந்துவிடும்.

லெவல்

பலமாக அடிக்கும் ஸ்ட்ரோக்கில் ரீப்பர் மீட்டர் -12க்கும் -6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். 24 பிட்டில் இதற்கு மேல் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. 0-வைத் தொட்டால் கரகரவென்று உடையும், அதைச் சரி செய்ய வழியில்லை. பெரும்பாலான பிராசஸர்களில் பெரிய அவுட்புட் குமிழ் ஹெட்போனுக்கும் ஜாக்குக்கும் மட்டும்தான். யுஎஸ்பி-க்குப் போகும் அளவு, பேட்ச் லெவலிலும் யுஎஸ்பி மெனுவில் உள்ள அவுட் லெவலிலும் இருக்கிறது. மீட்டர் 0-வைத் தொடாமலேயே ஒலி உடைகிறது என்றால் பிராசஸருக்குள்ளேயே ஏதோ ஒரு பிளாக்கில் (வரிசையில் உள்ள ஒரு எஃபெக்டில்) ஒலி நிரம்பி வழிகிறது. எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். உடைசல் நிற்கும் இடத்தில் இருக்கும் பிளாக்கின் லெவலைக் குறையுங்கள்.

இரைச்சல்: எங்கிருந்து வருகிறது?

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். நம் பகுதி வீடுகளில் வரும் இரைச்சலுக்கு நான்கைந்து தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நாய்ஸ் கேட் என்ற எஃபெக்டை (ஓர் அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை அடைப்பது) இறுக்கிப் பிடிப்பது கடைசி வழி.

'ம்ம்ம்' என்று தாழ்ந்த ஹம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100-ம் கேட்கும். கம்பியில் கை வைத்தால் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் எர்த்திங்கில் சந்தேகம். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் கம்பி எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. லேப்டாப்பின் மெட்டல் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றால் அதுவும் இதே சங்கதிதான். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இது ஒலிக்காக மட்டும் சொல்வதல்ல. ஹம் போகிறது என்று எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். கம்பிகளைத் தொட்டுக்கொண்டே வாசிக்கும் கருவி இது.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் மெல்லிய 'ஈஈ' என்று கூவல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்து வரும் இரைச்சல். பிராசஸர், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் குறையும். குறையவில்லையானால் பேட்டரியில் பதிவு செய்வதே எளிய வழி. ஜிடி-1 நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும் என்பதால் மின்சாரத்தைத் தொடாமலேயே முழுப் பாட்டையும் பதிவு செய்யலாம். கரன்ட் போனாலும் டேக் நிற்காது. கடையில் யுஎஸ்பி ஐசொலேட்டர் என்று ஒன்று கிடைக்கும். விலை குறைந்தவை விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தையே கடத்தும். வேகம் அதிகம் கேட்கும் பிராசஸர்கள் அதில் வேலை செய்யாது.

'ஜ்ர்ர்' என்று கூரான இரைச்சல், கிட்டாரைத் திருப்பினால் கூடிக் குறைகிறது. இது காற்றில் வருவது. சிங்கிள் காயில் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. சென்னையில் முதல் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். வழுக்கிக்கொண்டே திரும்பும் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்அலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் இந்தச் சத்தம் பிறக்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டு மே மாதத்தில் வாசிக்க முடியாது. ஃபுல் ஸ்பீடில் வைத்தால் வெட்டு குறைந்து இரைச்சலும் குறையும். பிராசஸர் பதிவில் காற்றுச் சத்தம் விழாது என்பதால் ஃபுல் ஸ்பீடு நமக்குத் தொல்லையுமில்லை. நிரந்தரத் தீர்வு, டக் டக் என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறுவது. பிறகு மலிவான எல்இடி பல்புகள், போன் சார்ஜர். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள்.

கேபிளை அசைத்தால் 'கரக் கரக்'. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று ஜாக்கையும் வால்யூம் குமிழின் உள்பாகத்தையும் அரித்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்குங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜாக்கில் ஒரு சிறு தெளிப்பு, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள், ஐந்து நிமிடம் உலர விடுங்கள். துரு நீக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே கூடாது. அது பிசுபிசுப்பை விட்டுச்சென்று தூசியை இழுக்கும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடையுங்கள். பையில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும் தெருக்களில் இருப்பவர்கள் பிராசஸரையும் எக்ஸ்டென்ஷன் போர்டையும் ராத்திரி தரையில் விட்டுவைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் லேசான 'ஸ்ஸ்' சத்தத்துக்கு நாய்ஸ் கேட். கிட்டார் வால்யூம் முழுதாக, கை கம்பிமேல் அமைதியாக. த்ரெஷோல்டை (கேட் அடைக்கத் தொடங்கும் அளவை) பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டே வந்து, ஸ்ஸ் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நீண்ட ஸ்வரத்தை விட்டுப் பாருங்கள். வால் திடீரென்று அறுந்தால் ஏற்றியது அதிகம்.

பதிவு செய்யும்போது

டெம்போவையும் தாளக் கட்டையும் முதலில் பூட்டுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் டெம்போ, 4/4 அல்லது 6/8. மெட்ரோனோமைப் போட்டு இரண்டு பார் முன்னெண்ணிக்கை வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் பிராசஸரின் ட்யூனரைப் பாருங்கள். ஃபேன் காற்றும் வெக்கையும் அரை மணியில் கம்பியை இறக்கிவிடும்.

ரிதம் கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமானால் ஒரே பகுதியை இரண்டு முறை உண்மையாகவே வாசித்து, ஒன்றை இடப்பக்கம் முழுதும் இன்னொன்றை வலப்பக்கம் முழுதும் வையுங்கள். ஒரு டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கம் வைத்தால் அகலம் வராது. ஒரே ஒலி நடுவில் சத்தம் கூடி நிற்கும், அவ்வளவுதான். இரண்டு வாசிப்புக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன வேறுபாடுதான் அந்த அகலம்.

பதிவானதைக் கேட்கும்போது கிட்டார் கிளிக்குக்கு (மெட்ரோனோமின் தட்டுக்கு) கொஞ்சம் பின்தங்கி இருந்தால், உங்கள் கையைக் குற்றம் சொல்லும் முன் ஒரு சோதனை. கம்பிகளை இடது கையால் அமுக்கிக்கொண்டு, கிளிக்கோடு பிக்கால் பதினாறு தட்டு தட்டிப் பதிவு செய்யுங்கள். பெரிதாக்கிப் பாருங்கள். சில தட்டு முன்னும் சில பின்னுமாக இருந்தால் அது மனிதக் கை. எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு பின்தங்கியிருந்தால் டிரைவர் தன் தாமதத்தைத் தவறாகச் சொல்கிறது. ரீப்பரில் பிரிஃபரன்சஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் மேனுவல் ஆஃப்செட் இருக்கிறது. பின்தங்கும் அளவை அங்கே மில்லிநொடியில் எழுதி, மறுபடி தட்டிச் சரிபாருங்கள். பஃபரை மாற்றினால் மறுபடி ஒரு தடவை சோதியுங்கள்.

உலர் டிராக்: பின்னால் மனம் மாறினால்

எஃபெக்ட் எதுவும் படாத கிட்டார் ஒலியையும் இன்னொரு டிராக்கில் பதிவு செய்துவைப்பது நல்ல காப்பு. எச்எக்ஸ் ஸ்டாம்ப் இதற்கென்றே யுஎஸ்பி 5/6-ல் உலர்ந்த ஒலியை அனுப்புகிறது. ஒரு டிராக்குக்கு 1/2, இன்னொரு டிராக்குக்கு மோனோ 5. இரண்டிலும் சிவப்புப் பட்டனை அழுத்தி ஒரே வாசிப்பில் எடுத்துவிடலாம். பிறகு உலர் டிராக்கை மாஸ்டரிலிருந்து விலக்கி யுஎஸ்பி 5/6-க்கு அனுப்பி, பிராசஸரின் இன்புட் பிளாக்கையும் யுஎஸ்பி 5/6-க்கு மாற்றி, புது டிராக்கில் 1/2-ஐப் பதிவு செய்தால், அதே வாசிப்பு புதுப் பேட்சில் வந்துவிடும். பாட்டு ஓடுகிற நேரம் முழுதும் இது ஓட வேண்டும். புது டிராக்கில் மானிட்டரிங் ஆனில் இருந்தால் ஒலி வட்டமடித்து அலறும். ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு.

இந்த வசதி இல்லாத பிராசஸரிலும் வழி உண்டு: எல்லா எஃபெக்டையும் அணைத்த ஒரு வெறும் பேட்சில் வாசித்து, மென்பொருளில் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவசப் பிளக்-இன்னைப் போடலாம். இந்த வழியில் ஆம்ப்பும் கேபினெட்டும் மென்பொருளின் பொறுப்பு. பிராசஸரில் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். வாசிக்கும்போது காதில் கேட்பது வறண்ட ஒலியாக இருக்கும் என்பதால் லீட் வாசிப்பவர்களுக்கு இது அவ்வளவு சுகப்படாது. புதியவர்கள் முதல் சில பாட்டுகளுக்குப் பிராசஸர் ஒலியையே நம்பி முடிவெடுக்கப் பழகுவது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

மிக்ஸைச் சரிபார்த்து அனுப்புவது

தெருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கட்டும் பாக்ஸ்கள் பெரும்பாலும் மோனோவில் ஓடுபவை. ரீப்பரின் மாஸ்டரில் இருக்கும் மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். அகலமான ஸ்டீரியோ கோரஸ் போட்ட கிட்டார் அப்போது மெலிந்து மறைந்தால், அந்த எஃபெக்டின் அளவைக் குறைத்துவிடுங்கள். போன் ஸ்பீக்கரிலும் ஒரு முறை கேளுங்கள்.

கோப்பாக எடுக்கக் கன்ட்ரோல், ஆல்ட், ஆர். கேட்க மட்டும் அனுப்புவதாக இருந்தால் எம்பி3. இன்னொருவர் அதன்மேல் வாசிக்கவோ பாடவோ போகிறார் என்றால் 24 பிட் வேவ் கோப்பு, பாட்டு நடுவில் வரும் கிட்டாராக இருந்தாலும் முதல் பாரிலிருந்தே தொடங்குவதாக. அப்போதுதான் எதிர்ப்பக்கத்தில் இழுத்துப் போட்டதும் இடம் மாறாமல் உட்காரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே பாட்டின் பெயர், டெம்போ, கட்டை, சாம்பிள் ரேட், பேட்ச் எண் ஐந்தையும் எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வரியை மட்டும் மாற்றி வாசிக்கச் சொல்லிக் கேட்டால், அதே ஒலியை உடனே எடுக்க அந்தப் பேட்ச் எண் வேண்டும்.